யார் பணத்தில் இந்தத் தேர்தல்?

ஐந்தாண்டு ஆயுளில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதமிருக்கையில் ஜொகூர் சட்டமன்றம் 2022 ஜனவரி 22ஆம் தேதி கலைக்கப்பட்டதும், பிப்ரவரி 26 நியமன தினம், மார்ச் 12 வாக்களிப்பு தினம் என்று தேர்தல் ஆணையம் நாள் குறித்ததும் வாசகர்கள் அறிந்த விஷயங்களே. ஓர் உறுப்பினரின் மறைவுக்குப் பின் 28க்கு 27 என்று சுருங்கிவிட்ட பெரும்பான்மையை வைத்துக்கொண்டு ஸ்திரமான ஆட்சி நடத்த இயலாது, ஆகவே மக்களிடம் புதிய ஆணையைக் கேட்கிறோம் என்பது முடிவெடுத்தவர்கள் சொன்ன காரணம். 2020 பிப்ரவரியில், வாக்காளரை ஒரு வார்த்தை கேளாமல் இதே மாநிலத்தின் ஆட்சி கைமாறிய போது தேவைப்படாத மக்கள் ஆணை, பெருந்தொற்று அடங்காத அந்த வேளையில், சிகாமட் முதலிய வட்டாரங்களில் வெள்ளம் வடிந்து சில வாரங்களே ஆகியிருந்த அந்த வேளையில், திடீரென்று இன்றியமையாததாகிவிட்டது. அதைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. நாம் இன்று கேட்பது வேறு. மக்களிடம் போக அவசரப்பட்டவர்கள், அப்படிப் போவதற்கு ஆகும் செலவு யாருடைய பணம் என்பதை மக்களுக்குச் சொல்லும் ஒரு சட்டத்தை இயற்ற ஏன் ஒருபோதும் அவசரப்படுவதில்லை?

இருக்கும் சட்டம் 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம். சட்டமன்றத் தொகுதியில் நிற்கும் அபேட்சகர் 1,00,000 வெள்ளிக்கு மேலும், நாடாளுமன்றத் தொகுதியில் நிற்பவர் 2,00,000 வெள்ளிக்கு மேலும் செலவிடலாகாது என்று அது வரம்பு கட்டியிருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வரம்பு, தேர்தல் காலத்தில் அபேட்சகரும் அவருடைய தேர்தல் முகவரும் செலவிடும் பணத்தை மாத்திரமே தொடுகிறது. அவரை நிறுத்திய கட்சி செலவிடும் பணத்தைத் தொடுவதில்லை. கட்சிக்குப் பணம் தந்தவர் யார், எவ்வளவு தந்தார், எதை எதிர்பார்த்துத் தந்தார் என்ற கேள்விகளின் பக்கமே அது திரும்புவதில்லை. கட்சியின் பெயரால் கட்டப்படும் கொடிகளும், கட்சித் தலைவரின் முகம் தாங்கிய பெரும் பதாகைகளும், வாடகைப் பேருந்துகளும், விருந்துகளும், கைப்பேசிகளில் இடைவிடாது வந்து விழும் காணொளிகளும் அபேட்சகரின் கணக்கில் ஏறாமலே போகலாம். முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் அபேட்சகர் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதும் சட்டந்தான். கட்சியின் பணப்பையைத் திறந்துவிட்டு அபேட்சகரின் சட்டைப் பையை மாத்திரம் சோதிக்கும் அந்தக் கணக்கால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அதை எழுதியவர்களே சொல்லட்டும். கரையில்லாத ஏரிக்கு மதகு கட்டி வைத்தவர்கள், மதகு உறுதியாக இருக்கிறது என்று நம்மைத் திருப்தியடையச் சொல்கிறார்கள்.

இந்தத் திறந்த கரையால் நஷ்டமடைபவர் யார் என்று பார்த்தால், அவர் பெரும்பாலும் நம்மைப் போன்றவராகவே இருப்பார். ஜொகூரின் ஸ்கூடாயில் ஒரு பள்ளி ஆசிரியரோ, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு உழைக்கப் போகும் தொழிலாளியின் மகளோ, தாமான் யூனிவர்சிட்டியில் சிறு கடை நடத்துபவரோ, மக்கள் சேவையில் உண்மையான நாட்டம் கொண்டு சட்டமன்றத்துக்குப் போட்டியிட எண்ணினால், முதலில் அவர் வைப்புத்தொகையாக 5,000 வெள்ளியும், பதாகைகளை அகற்றுவதற்கான பிணையாக 3,000 வெள்ளியும் கட்ட வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். அதன் பிறகு அச்சுக்கூலி, வாகனம், தொண்டர்களுக்கு உணவு என்று தொடங்கும் செலவுக்கு அவர் யாரிடம் போவார்? உறவினரிடம் போவார், நகையிடம் போவார், கடைசியில் யாரேனும் ஒரு செல்வந்தரிடம் போவார். அந்தச் செல்வந்தர் நாளை என்ன கேட்பார் என்பதை இன்றே அறிந்திருந்தும் போவார். இதற்கு மனம் ஒப்பாதவர் போட்டியிடுவதையே விட்டுவிடுவார். இப்படி விட்டுவிட்டவர்களின் பெயர்கள் எந்த வாக்குச்சீட்டிலும் அச்சாவதில்லையாதலால், நாம் இழந்தவர்களை நாம் அறிவதுகூட இல்லை. பதினெட்டு வயதானவர்களுக்கு வாக்குரிமை கிடைத்து, அவர்களும் முதன்முதலாக ஜொகூரில் வாக்களித்த அந்தத் தேர்தலில், வாக்களிக்கும் உரிமை விரிந்தது. வாக்குக் கேட்கும் உரிமையோ பணமுள்ளவர் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

மாநிலத் தேர்தலில் இது ஏன் மேலும் அபாயகரமானது என்பதை ஜொகூர்த் தமிழர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் அரசியல் சாசனத்தின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரம். எந்தத் தோட்டம் எந்த ஆண்டில் வீடமைப்பு நிலமாக மாற்றப்படும், எந்தச் சாலை எந்தப் பக்கம் திரும்பும், எந்த மலைச்சரிவு வெட்டப்படும் என்பவை மத்திய அமைச்சரவை அறையில் தீர்மானமாவதில்லை. மாநிலச் செயலகத்தில் தீர்மானமாகின்றன. ஸ்கூடாயைச் சுற்றி நம் பெற்றோர் பால் மரம் வெட்டிய நிலங்கள் இன்று எவ்வாறிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். ரினி தோட்டத்தின் பெயர் ஒரு குடியிருப்புப் பகுதியிலும் ஒரு தமிழ்ப்பள்ளியிலும் இன்று வாழ்ந்துகொண்டிருக்கிறது, தோட்டம் இல்லை. அந்த மாற்றத்தில் குற்றம் நடந்ததென்று நாம் சொல்லவில்லை. வளர்ச்சி வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆனால் நிலத்தின் விதியை ஒரு கையெழுத்தால் மாற்றும் அதிகாரம் ஒரு சபைக்கு இருக்கும்போது, அந்தச் சபைக்கு ஆட்களை அனுப்பும் தேர்தலின் செலவை நிலத்தால் லாபமடையக்கூடியவர்கள் அந்தரங்கமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருப்பது எந்த தர்மத்தில் சேரும்? அப்படி யாரும் தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தந்தார்களா இல்லையா என்பதை அறிந்துகொள்ளும் வழி பிரஜைகளுக்கு இல்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இத்தனைக்கும் பொதுப்பணம் தேர்தலில் செலவாகவில்லையா என்றால், செலவாகிறது, தாராளமாகச் செலவாகிறது. தேர்தல் வாடை வீசத் தொடங்கியதும் பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த சாலைக்குத் தார் வருவதும், தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மானியக் காசோலை பெரிய அட்டையில் அச்சாகி மேடைக்கு வருவதும், அதைப் பெற்றுக்கொள்ளும் தலைமையாசிரியரும் கோயில் தலைவரும் புகைப்படத்துக்கு நிற்பதும் நாம் கண்டு பழகிய காட்சிகள். 2010ஆம் ஆண்டு சிபு இடைத்தேர்தலில், வெள்ளத்தால் அவதிப்பட்ட ஒரு குடியிருப்புக்கு 50 லட்சம் வெள்ளி தருவதாகவும், அதற்குப் பிரதியாக வாக்கு வேண்டும் என்றும் பிரசார மேடையிலேயே பகிரங்கமாகப் பேரம் பேசப்பட்டது. அந்தத் தொகுதியின் மக்கள் 398 வாக்கு வித்தியாசத்தில் அதற்குப் பதில் சொன்னார்கள். ஆகவே, மக்கள் வரிப்பணத்தைத் தேர்தலுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வருகிறது. ஆளுங்கட்சி ஒன்றுக்கு மாத்திரம், கணக்கின்றி, மானியம் என்ற பெயரில் கொடுக்கப்படுகிறது. அதே பணம் சட்டத்தின் அனுமதியோடு, எல்லாக் கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் ஓர் அளவுகோலின்படி, தணிக்கைக்கு உட்பட்டுத் தரப்பட வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

இது யாரும் காணாத கனவன்று. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து வாக்காளர்கள் 1996இலும், அரிசோனா மாநிலத்தார் 1998இலும், தனியார் நன்கொடையைத் துறந்து நிற்க முன்வரும் மாநில அபேட்சகருக்குப் பொது நிதியிலிருந்து பிரசாரச் செலவு தரும் சட்டத்தைத் தாங்களே வாக்களித்து நிறைவேற்றினார்கள். நியூயார்க் நகரம் 1988 முதல், சாமானியர் தரும் சிறு நன்கொடைக்கு ஈடாக நகரக் கருவூலத்திலிருந்து பணம் சேர்த்துக் கொடுக்கிறது. சியாட்டில் நகரத்தில் 2015இல் நிறைவேறிய ஏற்பாட்டின்படி, நகரவாசிகளுக்குத் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் வழங்கப்படுகின்றன. தாம் விரும்பும் நகர மன்ற அபேட்சகருக்கு அவற்றை அவர்கள் கொடுக்கலாம். இவையெல்லாம் எங்கோ இருப்பவை என்பவர்கள் நீரிணைக்கு அப்பால் பார்க்கட்டும். இந்தோனேசியா, கட்சிகள் பெற்ற ஒவ்வொரு வாக்குக்கும் தேசிய மட்டத்தில் 1,000 ரூப்பியாவும், மாநில மட்டத்தில் 1,200 ரூப்பியாவும், மாவட்ட மட்டத்தில் 1,500 ரூப்பியாவும் அரசு நிதியிலிருந்து தரலாம் என்று 2018இல் விதி செய்தது. மறுபக்கம், வரம்பை மாத்திரம் எழுதி வைத்துவிட்டுப் பணத்தின் மூலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி, 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவின் காரணமாக ரத்து செய்யப்பட்ட அவமானத்தை நாம் படித்திருக்கிறோம். பொது நிதி வந்துவிட்டால் மனிதர் அனைவரும் யோக்கியராகிவிடுவார்கள் என்று நாம் நம்பவில்லை. யோக்கியராக இருக்க விரும்புகிறவருக்கு வழி ஒன்று திறக்கும் என்றே நம்புகிறோம்.

ஆனால் வழி திறப்பது நம்மை ஆண்டு வருகிறவர்களின் சுபாவத்தில் இல்லை. ஊராட்சித் தேர்தலின் கதையே அதற்குச் சாட்சி. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகர மன்றத்துக்கு வாக்களித்துத்தான் இந்நாட்டு மக்கள் ஜனநாயகம் பழகினார்கள். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தவர்கள், சமாதானம் திரும்பியதும் அது மீட்கப்படும் என்று உறுதி கூறினார்கள். மோதல் 1966இல் முடிந்தது, உறுதி நிறைவேறவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், ஊராட்சிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே நடத்த வேண்டும் என்று 1968இல் அறிக்கை தந்தது. ஒரு தமிழர் தலைமையேற்று, ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு, நிதானமாக ஆராய்ந்து தந்த அந்த அறிக்கை நிராகரிக்கப்பட்டது. 1976இன் ஊராட்சிச் சட்டம் தன் 15ஆவது பிரிவால் தேர்தலையே மூடிவிட்டது. ஸ்கூடாயின் சாக்கடைக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான இஸ்கந்தர் புத்ரி மாநகர் மன்றம், 2017இல் மாநகர் என்ற பட்டம் பெற்ற பிறகும், நாம் தேர்ந்தெடுக்காத உறுப்பினர்களால் ஆனது. தேர்தல் குற்றச் சட்டமோ, ஊராட்சித் தேர்தலில் நிற்பவர் 10,000 வெள்ளிக்கு மேலும், சிற்றூர் மன்றத்துக்கு நிற்பவர் 3,000 வெள்ளிக்கு மேலும் செலவிடலாகாது என்று இன்றும் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. தேர்தலை ஒழித்தவர்களுக்கு அதன் செலவு வரம்பை ஏட்டிலிருந்து அகற்றவும் கவனமில்லை. சட்டத்தின்மீது அவர்களுக்குள்ள மரியாதை இவ்வளவே.

இனி 2015ஐ நினைவுகூர்வோம். அன்று பிரதமராக இருந்தவரின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்திருந்தது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அது நன்கொடை என்று விளக்கம் தரப்பட்டது. பொதுத் தேர்தலை ஒட்டி ஒரு தலைவரின் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து இத்தனை பெரிய தொகை வந்ததாகச் சொல்லிவிட்டு, அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லையே என்று திருப்தியோடு நிற்கக்கூடிய நிலையில் ஒரு நாடு இருந்தது. வெட்கத்தால் அதே ஆண்டில் அரசியல் நிதி பற்றி ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அக்குழு 2016இல் 32 பரிந்துரைகளை அளித்தது. அந்நிய நன்கொடைக்குத் தடை வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அறிக்கை வந்தது, பத்திரிகைகளில் புகழப்பட்டது, அலமாரிக்குப் போனது. 2018இல் ஆட்சிக்கு வந்தவர்கள் அரசியல் நிதியை நெறிப்படுத்தும் சட்டத்தை வாக்குறுதியாகவே தந்தார்கள். இருபத்திரண்டு மாதங்களில் தாம் கவிழும்வரை அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை. அவர்களைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு வாக்குறுதியின் பாரங்கூட இருக்கவில்லை. சபாவில் 2020 செப்டம்பரில் தேர்தல், மலாக்காவில் 2021 நவம்பரில் தேர்தல், 2022 மார்ச்சில் ஜொகூரில் தேர்தல். ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்களைத் தேர்தலுக்கு இழுத்துச் செல்ல அவர்களுக்கு நேரமிருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாத்திரம் நேரமில்லாமல் போனது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 1954இல் எழுதப்பட்ட சட்டத்தின் நிழலில், எண்களை மாத்திரம் அவ்வப்போது உயர்த்திக்கொண்டு, ஒரு தலைமுறைக்குப் பின் மறு தலைமுறையை இப்படியே ஏமாற்றிவிடலாம் என்ற எண்ணம் முடிவெடுக்கிறவர்களுக்கு இருக்குமாயின், அது மக்களை அவமதிக்கும் எண்ணம். மாநிலத் தேர்தலுக்கும், மீட்கப்பட வேண்டிய ஊராட்சித் தேர்தலுக்கும், நியாயமான அளவில் பொது நிதி வழங்கவும், தனியார் நன்கொடையைப் பகிரங்கப்படுத்தவும், கட்சிகளின் கணக்கைச் சுதந்திரமான ஓர் அமைப்பு சோதிக்கவும் வகை செய்யும் சட்டம் தாமதமின்றி வந்தாக வேண்டும். அதன் விவரங்களை அறிஞர்களும் எல்லாக் கட்சியினரும் கூடிப் பேசி வகுக்கட்டும். வகுப்பதற்கு மனமிருந்தால் வழி கடினமாக இராது.

அதற்கு முன், தேர்தல் வேளையில் நம் வாசலுக்கு வரும் ஒவ்வோர் அபேட்சகரையும், அவர் எந்தக் கட்சியினரானாலும், ஸ்கூடாய் வாக்காளர்கள் ஒரே கேள்வி கேட்கட்டும்: உமது பிரசாரத்துக்குப் பணம் தந்தவர் யார்? பதில் சொல்ல மறுப்பவருக்கு நம் வாக்கைக் கேட்கும் யோக்கியதை இல்லை.