பானை ஓட்டில் ஒரு பெயர்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (வேதியியல்)

என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டுத்தான். அந்தக் கட்டைவிரல் ஒருமுறை ஒரு புரோநோட்டிலும் அழுந்தியது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அரை ஏக்கர் புஞ்சை போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘அறிவின் பயன் யாது?’ என்று பட்டிமன்றங்களில் முழங்கும்போதெல்லாம் என் நினைவில் நிற்பது அந்த அரை ஏக்கர்தான்.

சென்ற விடுமுறையில் அப்பத்தாவைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் பானை ஓடுகள். அவற்றில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள். எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்ததாக மாநிலத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எழுதிய கை ஓட்டுக்கு ஓடு மாறுகிறதாம். மன்னனின் மெய்க்கீர்த்தி அன்று நண்பர்களே, வீட்டில் புழங்கிய பானை! அப்பத்தா நெடுநேரம் நின்றாள். “பானையிலகூடவா பேரு எழுதுனாக?” என்றாள்.

வைகைக் கரையில் அன்று பானைவரை வந்த எழுத்து, என் வீட்டுக்கு வர ஏன் இத்தனை நூற்றாண்டு பிடித்தது? இடையில் யார் கையில் அது நின்றுபோயிற்று? பழம்பெருமை பேசுவோர் இந்தக் கேள்விக்கு வருவதே இல்லை. எனக்கோ பெருமையைவிட இதுவே பெரிது.

கி.மு. 580 என்னும் காலக்கணக்கையும் எடுத்துக்கொள்வோம். கைதட்டுகிறோம், அல்லது மறுக்கிறோம். எப்படி வந்தது என்று பார்க்கிறோமா? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி, கார்பன்-14 அளந்தார்கள். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டோமே, அதே எண்தான்! திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டேன். 2,600 ஆண்டில் ஏறத்தாழ 27 விழுக்காடு சிதைந்து 73 மிஞ்சும். உடனே ஓர் ஐயம்: கரியின் வயது ஓட்டின் வயதாகுமா? இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடந்து, அடுக்கும் கலையாதிருந்தால்தானே ஆகும்? பேராசிரியரிடம் கேட்டேன். “அறிக்கையைத் தேடிப் படி, நீயே பார்” என்றார். நோட்ஸ் வாங்கிப் பழகிய எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

கீழடி அகழாய்வைத் தொடங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணாவிடம், அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025இல் கேட்டது. அவர் சான்றுகளைச் சுட்டி, தம் முடிவில் நின்றார். சான்று கேட்பது குற்றமன்று. சான்றோடு மறுப்பதும் குற்றமன்று. தலையாட்டுவது மட்டும் ஆராய்ச்சி ஆகாது.

‘இதெல்லாம் சோறு போடுமா? டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற வழியைப் பார்’ என்கிறார்கள் வீட்டில். எழுதுவேன். அதை இழிவென்று பேச என் வீட்டு நிலை இடம் தராது. ஆனால் கேள்வி கேட்பதை வேலை கிடைக்கும்வரை ஒத்திவைக்க மாட்டேன்.

அப்பத்தா இப்போது அடுப்புக்கரியால் சுவரில் தன் பெயரை எழுதிப் பழகுகிறாள். சுழி இன்னும் சரியாக விழவில்லை. அடுத்த மாதம் வங்கியில் கையெழுத்துத்தான் போடுவாளாம். அதற்கு முன் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குக் கட்டளை.