சங்க விதியைத் திருத்தலாகாது என்பார்க்கு விடை

வேலூர் லாங் பஜாரில் சரக்கு நிறுக்கும் வணிகர், தராசை வாங்குவோர் கண்முன்னரே பிடித்தல் வேண்டும். மறைவில் நிறுத்தது சரியான எடையேயாயினும் அதனை நம்புவார் இலர். இஃதறிந்த வணிகரே அன்னதானம் முதலிய அறங்களுக்காகச் சிறு சங்கம் கூட்டிக்கொண்டால், நிர்வாகிகளைத் தெரிந்தெடுக்குங்கால் இந்நெறியை மறந்துவிடுதல் பல இடத்துங் காணப்படுகின்றது. ஒருவர் பெயர்களைப் படிக்க, மற்றொருவர் வழிமொழியத் தேர்தல் முடிந்துவிடுகின்றது. விதியைத் திருத்துக என்று ஒருவர் எழுந்தாலோ, முன்னோர் வகுத்ததைத் தொடலாகாது என்று தடுப்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

முன்னோர் செய்ததனை உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் காட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919-ல், அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தெரியும் விதியை வகுத்தனர். இரண்டே ஆண்டு கழித்து, 921-ல், அதனைத் திருத்தி விரித்தெழுதினர். தாம் செய்த விதியில் குறை கண்டவிடத்துத் திருத்தல் அவர்க்கு இழுக்காகத் தோன்றவில்லை. ஆகலின், முன்னோரைப் பின்பற்றுவார் திருத்தத்தை மறுத்தல் யாங்ஙனம்?

வல்லார் சிலரே உளர். அவரை விலக்கினால் சங்கம் கெடும் என்பது இரண்டாவது தடை. உத்தரமேரூரில் வாரியஞ் செய்தவர் அடுத்த மூன்றாண்டு மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். முப்பது குடும்பினின்றும் எழுதியிட்ட ஓலைகளைச் சபையார் எதிரே, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் குடத்தினின்று எடுத்தான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். இங்ஙனம் ஆண்டுதோறும் ஆள் மாறியும் ஏரியும் தோட்டமும் பேணப்பட்டன. ஒருவரே வல்லார் எனின், பிறரைப் பழக்காத குறை அவருடையதேயன்றோ?

அவ்விதி நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணர்க்கே உரியது. இக்காலத்துக்கு ஆகாது என்பாரும் உளர். உண்மையே. அவ்வரம்பு இன்று ஏற்கத்தக்கதன்று; மகளிர்க்கும் எளியார்க்கும் இடம் வேண்டும். குலுக்கலுக்கு மாறாக மறைவாக்குச் சீட்டே அமையும். எனினும் உமியைத் தள்ளுவார் அரிசியையுந் தள்ளுதல் அறிவுடைமையாகாது. கணக்கு, இடைவெளி, யாவரும் காண எண்ணுதல் என்னும் மூன்றும் எக்காலத்துக்கும் உரியனவாம்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் நிர்வாகக் குழுவின் காலத்தை மூன்றாண்டுக்கு மேற்படாது நிறுத்தியது. துணை விதிகளைச் சிறப்புத் தீர்மானத்தாற் திருத்த வழியும் வைத்தது. அதற்கு முன்னறிவிப்பும், வாக்களிப்போருள் நான்கில் மூன்று பங்கினர் இசைவும் வேண்டும். ஆதலின், தேர்தல் நெருங்கியபின் தமக்கேற்ப விதியை வளைத்தல் தகாது; யார் நிற்பார் என்று அறியாமுன்னரே திருத்துதல் வேண்டும். கணக்கை ஒப்பியாதவர் நிற்கலாகாது. தொடர்ந்து இருமுறை இருந்தவர் ஒருமுறை விலகுக. வேட்பாளர் தாமே சீட்டை எண்ணாதொழிக என்னும் மூன்று விதி சிறு சங்கத்துக்குப் போதும்.

உண்டியலிற் காசிட்ட கூலியாள் கணக்குக் கேட்க வாரான். ஆயினும் அவன் வயிற்றைக் கட்டியிட்ட காசு அது. அதனைக் காப்பதற்கே இத்திருத்தம், எவரையும் பழிப்பதற்கன்று. நேர்மையான நிர்வாகிக்கு இவ்விதியால் வருங் குறை யாதுமில்லை. இதனை அஞ்சுவார் எதனை அஞ்சுகின்றார் என்பதைச் சங்கத்தாரே ஓர்ந்து கொள்க.