அந்த 187 ரிங்கிட் யாருடையது?

படிப்பை முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள், சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் புருவம் உயர்த்திப் பார்க்கும் வரி ஒன்று உண்டு: இ.பி.எஃப். பிடித்தம். குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட்டில் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், கைக்கு வருவதற்கு முன்பே ஊழியர் சேமநிதி வாரியத்துக்குப் போய்விடுகிறது. முதலாளி தம் பங்குக்கு 13 விழுக்காடு செலுத்துகிறார். “எல்லாம் உன் நல்லதுக்குத்தானே” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், நல்லது என்பதற்காக ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதுதான் லிபர்டேரியனிசம் எனப்படும் தனிமனித சுதந்திரவாதம். என் உடல் எனக்குச் சொந்தம்; ஆகவே என் உழைப்பும் அதற்கான கூலியும் எனக்கே சொந்தம். நான் பிறரைப் பலவந்தப்படுத்தாத வரை என்னையும் யாரும் பலவந்தப்படுத்தக் கூடாது, அரசாங்கம் உட்பட. இதுதான் அதன் அடித்தளம். 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் ஊன்றிய விதையை 1974இல் ராபர்ட் நோசிக் அதன் எல்லைவரை கொண்டு போனார். உழைத்துச் சம்பாதித்த பணத்தின் மீது வரி போடுவது கட்டாய உழைப்புக்கு நிகர் என்றார் அவர். காவல், நீதிமன்றம், தற்காப்பு ஆகியவற்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

இதைப் பணக்காரர்களின் தத்துவம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவையை எதிர்த்து உரக்க வாதாடியவர்களில் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மனும் ஒருவர். அந்தச் சேவை 1973இல் கைவிடப்பட்டது.

அதே ஃபிரீட்மன் 1962இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ நூலில் முதுமைக்கான கட்டாய ஏற்பாடுகளையும் எதிர்த்தார். சேமிக்காதவர்கள் முதுமையில் மற்றவர்களுக்குப் பாரமாவார்களே என்ற வாதத்தை அவர் தட்டிக்கழிக்கவில்லை. எத்தனை பேர் அப்படி ஆவார்கள் என்று கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்றால் கட்டாயத்துக்கு வலுவான நியாயம் உண்டு. நூற்றுக்கு ஒருவர் என்றால் அந்த ஒருவருக்காக மற்ற 99 பேரின் சுதந்திரத்தில் ஏன் கைவைக்க வேண்டும்?

மலேசியாவில் இந்தக் கணக்கை ஓரளவு போட்டுப் பார்த்தாகிவிட்டது. கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பின்னர் 2022இன் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பு என நான்கு முறை சேமநிதியின் கதவு திறக்கப்பட்டது. 81 லட்சம் பேர் ஏறக்குறைய 14,500 கோடி ரிங்கிட்டை எடுத்தார்கள். 2022 இறுதியில், 55 வயதுக்குட்பட்ட சந்தாதாரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கணக்கில் 10,000 ரிங்கிட்டைத் தாண்டிய சேமிப்பு இல்லை.

எடுத்தவர்களை ஊதாரிகள் என்று பேசியதை நான் ஏற்கவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு வேலைக்குப் போகாதே என்ற அரசு, உன் பணத்தையும் தொடாதே என்று எப்படிச் சொல்ல முடியும்? வீட்டு வாடகையும் பால்மாவும் 55 வயதுவரை காத்திருக்காது. யாருக்கு எப்போது பணம் தேவை என்பது அவரவருக்கே தெரியும் என்ற லிபர்டேரியன் வாதம் இங்கே செல்லும். 2024 மே மாதம் அறிமுகமான, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு, சந்தாவில் 10 விழுக்காட்டையாவது அந்த வாதத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

மீதி 90 விழுக்காட்டில் நான் கட்டாயத்தின் பக்கம். காரணம், மக்களுக்கு அறிவு போதாது என்பதல்ல. பெற்றோரின் கணக்கு காலியாக இருந்தால் அந்தச் சுமை பிள்ளைகளின் சம்பளத்தில்தான் விழும். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தப் பிள்ளைகள். ஒருவரின் முடிவு இன்னொருவர் தலையில் விடியும்போது, அது அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை.

ஆனால் லிபர்டேரியன்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்கு நம்மிடம் தெளிவான பதில் இல்லை. 54 வயதுவரை நம்பாதவரை 55 ஆனதும் முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுக்க விடுகிறோமே, அது எந்த நியாயத்தில்? அலுவலக குமாஸ்தாவைக் கட்டாயப்படுத்தும் சட்டம், பக்கத்தில் நாசி லெமாக் கடை வைத்திருப்பவரை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. குமாஸ்தாவுக்குச் சம்பளச் சீட்டு இருப்பதால் பிடிப்பது சுலபம், அவ்வளவுதான். கடைக்காரர் தாமாக முன்வந்து செலுத்தினால் அரசு ஊக்கத்தொகை சேர்க்கும் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. சுயதொழில் செய்வோரையும் கட்டாயத்துக்குள் இழுக்க வேண்டும் என்போர், முதலில் அந்தத் திட்டத்தை ஒவ்வொரு அங்காடிக்கடைக்கும் கொண்டு சேர்த்துப் பார்க்கட்டும்.