ஆங்கிலமே முடிவென்றால் தமிழ் வினாத்தாள் எதற்கு?

மருத்துவம் பயில விழையும் இளைஞர் அனைவரையும் ஒரே கோலால் அளப்பதே நயன்மை என்று 'நீட்டு' நுழைவுத் தேர்வின் காவலர்கள் பறையறைகின்றனர். கோல் ஒன்றாயிருந்தால் மட்டும் போதுமா? அது கோணாத கோலாகவும் இருத்தல் வேண்டாவா?

2018-ஆம் ஆண்டுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். 180 வினாக்கள்; மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒரு மணித்துளி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். அவ்வாண்டின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட்டிருந்தன. சிறுத்தை என்னும் எளிய தமிழ்ச்சொல் இருக்க, 'சீத்தா' என அச்சிட்டனர்! வழக்கைக் கேட்ட சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்குமாறு சூலையில் தீர்ப்பளித்தது. உச்ச அறமன்றமோ அம்மாதமே அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் அத்தீர்ப்பையே நீக்கிவிட்டது.

'ஆங்கில வினாவும் அருகிலேயே இருந்ததே' என்பார் உளர். இருந்தது, உண்மை. ஆங்கிலவழி பயின்றவன் வினாவை ஒருமுறை படித்து விடை குறிக்கிறான். தமிழ்வழி பயின்றவனோ தமிழைப் படித்து, ஐயுற்று, ஆங்கிலத்தைப் படித்து, அதை மீண்டும் தமிழாக்கி எண்ண வேண்டும். இருவர்க்கும் அதே ஒரு மணித்துளிதான். இங்கே அளக்கப்படுவது உயிரியல் அறிவா, ஆங்கில அறிவா?

பிழைக்கு வேர், மொழிபெயர்த்தவரின் அறியாமை மட்டுமன்று. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்னும் விதியே வேர். 13 மொழிகளில் தேர்வு நடத்துகிறோம் என்பது அவர்கள் பெருமை. அவற்றுள் ஆங்கிலம் ஆண்டை. ஏனையவை ஏவல் செய்வன. மொழிபெயர்த்தவன் செய்த பிழைக்கு மாணவன் மதிப்பெண் இழக்கிறான். குற்றம் ஒருவனது, ஒறுப்பு மற்றொருவனுக்கு!

தமிழ்நாட்டின் தொழிற்கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வை நம் சட்டமன்றம் 2006-இலேயே சட்டமியற்றி நீக்கியது. மேனிலைப் பள்ளி மதிப்பெண்ணே வழிகாட்டியது. 2017-இல் 'நீட்டு' நம்மேல் சுமத்தப்பட்டது. அதிலிருந்து விலக்குக் கோரி 2021-இல் நிறைவேற்றிய சட்ட வரைவுக்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. 1976-இன் 42-ஆம் திருத்தத்தால் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குப் பறிகொடுத்ததன் விளைவு இது.

கல்வியுரிமை முழுமையாய் மீளும்வரை போராடுவோம். அதுவரை ஒன்றையேனும் உறுதியாய்க் கேட்போம்: தமிழில் எழுதுவோனுக்குத் தமிழ் வடிவமே முடிவானதாக வேண்டும், வினாக்களின் கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்களாக வேண்டும், பிழைபட்ட வினாவுக்குரிய மதிப்பெண் மாணவனுக்கே சேர வேண்டும்.

தமிழர்களே! இக்கேடு கண்டு அஞ்சி உங்கள் மக்களைத் தமிழ்வழிப் பள்ளியினின்று பெயர்த்துவிடாதீர்கள். அவ்வாறு பெயர்ப்பீராயின், நாளை தமிழ் வினாத்தாளைக் கேட்கவும் ஆளிருக்காது. பிழையைச் சுட்டவும் ஆளிருக்காது.