பட்டியலில் இல்லாத தூசும் பறிபோன 54 உயிர்களும்

ஐதராபாத்தை ஒட்டிய சங்காரெட்டி மாவட்டத்தின் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில், 2025 ஜூன் 30 அன்று காலை சிகாச்சி இண்டஸ்ட்ரீஸ் ஆலை வெடித்துச் சிதறியது. 46 பேரின் மரணம் உறுதி செய்யப்பட்டது. எட்டுப் பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மாண்டோரில் பலர் பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். எந்த உடல் யாருடையது என்பதை மரபணுச் சோதனை செய்தே அறிய வேண்டியிருந்தது.

அங்கு உற்பத்தியானது நச்சு வாயுவோ வெடிமருந்தோ அல்ல. மாத்திரைகளின் வடிவம் குலையாமல் பிடித்து வைக்கும் மைக்ரோ கிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்னும் வெண்ணிறத் தூள். மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் இதைக் கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் மருந்தோடு விழுங்குகின்றனர். ஆனால் இத்தகைய தூள் நுண்தூசாகக் காற்றில் கலந்து நிற்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். முதல் வெடிப்பின் அதிர்வில், உத்திரங்களிலும் இயந்திரங்களின் மேலும் படிந்த தூசு கிளம்புகிறது. அது தீப்பற்றுகையில் நிகழும் இரண்டாவது வெடிப்பு கட்டடத்தையே தகர்க்கிறது.

இந்த அபாயத்தைச் சட்டம் எங்கே வைத்திருக்கிறது என்பதே கேள்வி.

போபாலில் 1984 டிசம்பரில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பிறகே, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 1989இல் அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளும் வந்தன. அவ்விதிகள் இரசாயனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரம்பு அளவு நிர்ணயிக்கின்றன. குளோரினுக்குக் கீழ்வரம்பு 10 டன், மேல்வரம்பு 25 டன். மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 150 கிலோ மட்டுமே. கீழ்வரம்பை எட்டினால் அரசுக்கு முன்னறிவிப்பும் நெருக்கடிகாலத் திட்டமும் கட்டாயம். மேல்வரம்பை எட்டினால் முழுமையான பாதுகாப்பு அறிக்கையும் கட்டாயம்.

இப்பட்டியலில் செல்லுலோஸ் நைட்ரேட் உண்டு, செல்லுலோஸ் இல்லை. தூசாக மாறினால் வெடிக்கும் சர்க்கரை, மாவு, மருந்துத் தூள்கள் என்ற வகையே அதில் இல்லை. ஆகவே இத்தகைய தூளை எத்தனை டன் குவித்து வைத்தாலும், அதன் பொருட்டு இவ்விதிகளின்கீழ் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டியதில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 37ஆவது பிரிவு வெடிக்கும் தூசைப் பற்றிப் பேசியதே என்று முதலாளிகள் தரப்பு வாதிடலாம். பேசியது உண்மை. தூசு சேராமல் தடுக்க வேண்டும், தீப்பொறியை விலக்க வேண்டும் என்றது அப்பிரிவு. ஆனால் ஆய்வாளர் வந்து பார்த்தால்தான், அல்லது விபத்து நடந்தால்தான் அதற்கு உயிர் வந்தது. ஆபத்து என்ன, அதை எப்படித் தடுக்கப் போகிறாய் என்று ஆலை முதலாளியை முன்கூட்டியே எழுதித் தரச் செய்வது வரம்பு முறை.

அந்த முறையிலும் ஓட்டைகள் உள்ளன. 500 மீட்டருக்குள் ஒரே நிர்வாகத்துக்குச் சொந்தமாக உள்ள கூடங்களின் சரக்கு கூட்டிக் கணக்கிடப்படுகிறது. பட்டான்சேரு, ஜீடிமெட்லா போன்ற தொழிற்பேட்டைகளில் அடுத்தடுத்த சுவர்களுக்குள் பத்து முதலாளிகள் வரம்புக்குச் சற்றுக் குறைவாகச் சேமித்து வைத்தால், ஒருவரும் வரம்பை எட்டியவர் ஆகமாட்டார். நெருப்புக்கு உரிமையாளர் பெயர் தெரியாது.

தூசைப் பொறுத்தவரை டன் கணக்கே பொருந்தாது. தளத்தில் 0.8 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தூசு படிந்தாலே அபாயம் என்று அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் தரவிதி கூறுகிறது. எனினும் அதைக் கட்டாயச் சட்டமாக்க அங்கும் மூலதனம் விடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலையில் 2008 பிப்ரவரியில் தூசு வெடித்து 14 தொழிலாளர்கள் மாண்டனர். 2009இல் தொடங்கப்பட்ட விதி உருவாக்கம் 2017இல் டிரம்ப் ஆட்சியில் கைவிடப்பட்டது.

இந்தியாவில் ஒன்றிய அரசு இன்னொரு வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, மின்சக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான குறைந்தபட்சத் தொழிலாளர் எண்ணிக்கையை 10இலிருந்து 20ஆக உயர்த்தியுள்ளது. அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலையிலும் 250 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். இரசாயனத்தின் அளவு குறைவு என்று ஒரு சட்டமும், ஆட்களின் எண்ணிக்கை குறைவு என்று இன்னொரு சட்டமும் விலகிக்கொண்டால், சிறு, நடுத்தர ஆலைகளின் தொழிலாளியைக் காப்பது யார்? “எளிதாகத் தொழில் புரிதல்” என்ற முழக்கத்தின் உட்பொருள் இதுதான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. 1989 விதிகளின் பட்டியலில் வெடிக்கும் தூசு, பெயரால் அன்றித் தன்மையால் சேர்க்கப்பட வேண்டும். தொழிற்பேட்டைகளில் சரக்கை நிர்வாக வாரியாக அன்றி வட்டார வாரியாகக் கூட்டிக் கணக்கிட வேண்டும். வரம்புகளை நிர்ணயிக்கும் குழுவில் தொழிற்சங்கங்களுக்கு இடம் வேண்டும். எண்ணிக்கை பாராமல் எல்லா இரசாயன, மருந்து ஆலைகளிலும், ஒப்பந்தத் தொழிலாளரையும் உள்ளடக்கிய பாதுகாப்புக் குழு அமைய வேண்டும். ஆபத்து தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை அக்குழுவுக்கு இருக்க வேண்டும்.

வெடிப்பில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த இழப்பீடு அவர்களின் உரிமை. ஆனால் போபாலுக்குப் பின் எழுதப்பட்ட பட்டியல் பாஷமைலாரத்துக்குப் பின்னும் திருத்தப்படாமல் கிடந்தால், அடுத்த ஆலையின் உத்திரத்திலும் தூசு படிந்துகொண்டுதான் இருக்கும். அதைத் திருத்த வைப்பது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமை.