நெல் வயலுக்கு அடியில் ஒரு தலைநகரம்... காப்பாற்றப் போராடிய தோட்டக்காரர்!

ஜப்பானின் நாரா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மான்கள்தான். தலையைக் குனிந்து வணக்கம் சொல்லி பிஸ்கட் கேட்கும் அந்த மான்களை ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேற்கிலிருந்து மான் பூங்காவை நோக்கிப் போகும் ரயில், நாரா ஊருக்குள் நுழைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு பரந்த புல்வெளியைக் குறுக்கே கடக்கிறது. வலப்பக்கம் சிவப்புத் தூண்களோடு ஒரு பெரிய வாசல். இடப்பக்கம் தூரத்தில் ஒரு பிரமாண்ட மண்டபம். நடுவில் வெறும் புல்.

அந்தப் புல்வெளிதான் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானை ஆண்ட அரண்மனை. அந்தத் தலைநகரின் பெயர் ஹெய்ஜோ. இடையில் அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நெல் வயலாகக் கிடந்தது. அதை மீட்கப் போராடியவர்களில் முக்கியமானவர் அரசரோ அமைச்சரோ இல்லை... மரம் நடுகிற ஒரு தோட்டக்காரர்!

ஊர் மாறிக்கொண்டே இருந்த தலைநகரம்

இன்று ஜப்பானின் தலைநகரம் டோக்கியோ. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக கியோட்டோ. அதற்கும் முன்னால் தலைநகரம் ஓரிடத்தில் நிலையாக நின்றதே இல்லை. பழங்காலத்தில் புதிய மன்னர் பட்டத்துக்கு வந்தால் பெரும்பாலும் அரண்மனையும் புது இடத்துக்குப் போய்விடும்.

694-ல் சீனப் பாணியில் கட்டம் கட்டமாகத் தெருக்கள் போட்டு, ஃபுஜிவாரா என்ற முதல் திட்டமிட்ட தலைநகரம் அமைந்தது. அது 16 ஆண்டுகள்தான் நீடித்தது. 710-ல் பேரரசி கென்மெய் ஆட்சியில் தலைநகரம் வடக்கே ஹெய்ஜோவுக்கு வந்தது. சீனாவின் சாங்கான் நகரம்தான் இதற்கு மாதிரி. நடுவே ஓடிய சுசாகு பெருஞ்சாலையின் அகலம் மட்டும் 70 மீட்டருக்கு மேல்! அதன் வடக்கு முனையில் அரண்மனை. அரண்மனையின் நடுநாயகமாக, பேரரசர் அரியணையில் அமரும் 'தைகோகுதென்' மண்டபம்.

இந்தக் காலத்தில்தான் கிழக்கே தோதாய்ஜி கோயிலில் புத்தருக்கு மாபெரும் வெண்கலச் சிலை எழுந்தது. 752-ல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர், கடல் கடந்து வந்திருந்த இந்தியத் துறவி போதிசேனர். உலகம் வந்துபோகும் நகரமாக ஹெய்ஜோ இருந்தது.

784-ல் பேரரசர் கன்மு தலைநகரை நாகவோகாவுக்கு மாற்றினார். ஹெய்ஜோவில் பெரிய கோயில்களின் செல்வாக்கு கூடியதும், படகுப் போக்குவரத்துக்கு வசதியான ஆறு அருகில் இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அடுத்த பத்தே ஆண்டுகளில், 794-ல், அவர் இன்றைய கியோட்டோவுக்குப் போய்விட்டார்.

தெருக்கள் வயலாயின

கட்டடங்கள் எல்லாம் மரம். ஆகவே கழற்றி எடுத்துப் போய் வேறிடத்தில் மாட்டிக்கொள்ள முடிந்தது. கோயில்கள் மட்டும் கிழக்குப் பக்கத்தில் அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய நாரா ஊர். மேற்கே இருந்த அரண்மனைப் பக்கம் யாரும் இல்லை. தலைநகரின் தெருக்கள் வயல்களாகிவிட்டன என்று 864-லேயே அரசுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. தலைநகரம் போய் அப்போது 80 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஆனால் வயல் எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை. பழைய தெருக்களின் கோட்டிலேயே வரப்புகள் அமைந்தன. 1852-ல் கிதாவுரா சடாமாசா என்பவர் நடந்து நடந்து அளந்து, அந்த வரப்புகளை வைத்தே பழைய நகரத்தின் வரைபடத்தைப் போட்டுவிட்டார்!

இன்னொரு தடயம் ஒரு மேடு. சுற்றிலும் நாற்று நட்டாலும் அந்த ஒரு மேட்டை மட்டும் விவசாயிகள் புல்லாகவே விட்டுவைத்திருந்தார்கள். அதை 'தைக்கோகு புல்மேடு' என்று அழைத்தார்கள். 1899-ல், கோயில் திருப்பணிகளுக்காக நாராவில் வேலை பார்த்த கட்டடக்கலை நிபுணர் செகினோ தடாஷியின் காதில் இந்தப் பெயர் விழுந்தது. தைக்கோகு... தைகோகுதென்! அரியணை மண்டபத்தின் பெயர் விவசாயிகளின் வாயில் லேசாகத் திரிந்து, 1,100 ஆண்டுகள் தப்பிப் பிழைத்திருந்தது. தன் கண்டுபிடிப்பை 1900-ன் தொடக்கத்தில் உள்ளூர் நாளிதழில் எழுதினார் செகினோ.

'அரண்மனை எங்கே ஐயா?'

நாரா பூங்காவில் மரம் நடும் வேலை செய்துகொண்டிருந்தவர் தனதா கஜூரோ. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவரிடம் அடிக்கடி கேட்ட கேள்வி, பழைய அரண்மனை எங்கே இருந்தது என்பதுதான். போய்ப் பார்த்தபோது, பேரரசர்கள் அமர்ந்த இடத்தில் மாட்டுச் சாணம் குவிந்து கிடந்ததாகவும், அதைக் கண்டு அவர் மனம் நொந்துபோனதாகவும் சொல்வார்கள்.

அதன் பிறகு அதுவே அவர் வாழ்க்கையாகிவிட்டது. கைக்காசைப் போட்டார். மரக் கம்பம் நட்டு இடத்தைக் குறித்தார். வழிகாட்டிக் கற்கள் வைத்தார். பெரிய மனிதர்களின் வாசல்களில் போய் நின்று பேசினார். உள்ளூர்க்காரர் மிசோபே புன்ஷிரோ அவருக்குத் தோள் கொடுத்தார். 1913-ல் ஒரு பாதுகாப்புச் சங்கம் உருவாகி, நன்கொடை திரட்டி, மண்டபம் இருந்த பகுதியின் நிலத்தை வாங்கத் தொடங்கியது.

ஆனால் தோட்டக்காரரின் சொந்த வாழ்க்கை தேய்ந்துகொண்டே போனது. கையில் பணம் இல்லை. கண் பார்வையும் மங்கியது. 1918-ல் மிசோபே இறந்தார். 1921 ஆகஸ்டில் தனதா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1922-ல், அந்த நிலம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாடுபட்ட இருவருமே அதைப் பார்க்க இல்லை.

பலகையில் ஒரு மளிகைப் பட்டியல்

போராட்டம் அதோடு முடியவில்லை. அறிவிப்பு முழு அரண்மனையையும் உள்ளடக்கியிருக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில், மேற்குப் பகுதியில் ரயில் பெட்டிகளுக்கான பணிமனை கட்டத் திட்டம் வந்தது.

அதற்குச் சற்று முன்பு, 1961-ல், அரண்மனையின் ஒரு பழைய குப்பைக் குழியிலிருந்து எழுத்துள்ள மெல்லிய மரப் பலகைகள் கிடைத்திருந்தன. ஒன்றில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு கோயிலுக்காகப் பயறும் வினிகரும் நொதிக்கவைத்த சோயாவும் கேட்கும் சீட்டு. சுருக்கமாகச் சொன்னால், எட்டாம் நூற்றாண்டின் மளிகைப் பட்டியல்! நீர் ஊறிய மண்ணில் காற்றுப் படாமல் கிடந்ததால்தான் அந்த மரம் மக்கவில்லை. வயலுக்கு அடியில் கல்லும் ஓடும் மட்டும் இல்லை, மனிதர்களின் அன்றாட வாழ்க்கையே இருக்கிறது என்று நாட்டுக்கே புரிந்தது.

பணிமனைக்கு எதிராக நாடு முழுவதும் குரல் எழுந்தது. அரசு நிலத்தை வாங்கிக்கொண்டது. பிறகு கிழக்கே ஒரு நெடுஞ்சாலை வருவதாக இருந்தது. தோண்டிப் பார்த்ததில் அரண்மனை அந்தப் பக்கமும் நீண்டிருந்தது தெரியவர, சாலையின் பாதை மாற்றப்பட்டது.

எல்லா இடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அரண்மனைக்கு வெளியே, பல்பொருள் அங்காடி கட்டத் தோண்டிய இடத்தில் 1988-ல் இளவரசர் நாகயாவின் மாளிகை வெளிப்பட்டது. சுமார் 35,000 மரப் பலகைகள் கிடைத்தன. அந்த வீட்டில் நாய்களுக்கும் கொக்குகளுக்கும் கூட அரிசி அளந்து கொடுத்தார்கள் என்பது அவற்றிலிருந்து தெரிந்தது. பலகைகள் பத்திரமாக எடுக்கப்பட்டன. மாளிகை இருந்த இடத்தில் திட்டமிட்டபடியே அங்காடி எழுந்தது.

இன்று...

1998-ல் சுசாகு வாசல் மீண்டும் கட்டப்பட்டது. அதே ஆண்டு, அரண்மனை நிலமும் நாராவின் கோயில்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தலைநகரம் வந்து 1,300 ஆண்டுகள் நிறைந்த 2010-ல் அரியணை மண்டபம் எழுந்தது. 2017-ல் அரண்மனை மரப் பலகைகளில் 3,184 தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. தனதா உயிரோடு இருந்த 1914-லேயே ஓடத் தொடங்கிய ரயில் மட்டும் இன்றும் அரண்மனைக்கு நடுவேதான் போகிறது.

புது மண்டபம் நிற்பது அரண்மனையின் முதல் மண்டபம் இருந்த இடத்தில். விவசாயிகள் உழாமல் விட்ட மேடு, பிறகு கட்டிய இரண்டாவது மண்டபத்துடையது. அது சற்றுக் கிழக்கே இருக்கிறது.

சுசாகு வாசலுக்கு அருகே பேரரசர் யாருக்கும் சிலை இல்லை. அங்கே வெண்கலத்தில் நிற்பவர் தோட்டக்காரர் தனதா கஜூரோ. மான் பார்க்க நாராவுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், அவரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்!