எல்லாப் போனிலும் திறக்குமா அரசு?

2013 மார்ச்சில் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, அமைச்சகங்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டது: தனி அனுமதி இல்லாமல் யாரும் செயலி உருவாக்கக் கூடாது. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு செயலி வைத்திருப்பதைக் கௌரவமாக நினைத்த காலம் அது. லண்டன் ஹோல்பார்னில் இயங்கிய அந்தப் பிரிவின் சார்பில் டாம் லூஸ்மோர் எழுதிய விளக்கம், இணையதளம் கட்டும் எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் புரியும். செயலியை உருவாக்கும் செலவு போதாதென்று, ஆப்பிளும் கூகுளும் தங்கள் மென்பொருளை மாற்றும்போதெல்லாம் பின்னாலேயே ஓட வேண்டும். எந்தத் திரையிலும் ஒழுங்காகத் திறக்கும் இணையதளம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2025 ஜூலையில் அதே அரசு தன் பொதுச் செயலியின் சோதனைப் பதிப்பை மக்களுக்கு வெளியிட்டது. மக்கள் போனுக்கு மாறிவிட்டார்கள், அரசும் மாற வேண்டாமா என்பது வாதம். நியாயம்தான். ஆனால், போனிடம் அரசு என்னென்ன கேட்கிறது என்பதும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியிருக்கிறது. முன்பு ஒரு பிரவுசர் இருந்தால் போதும். இப்போது கேமரா, பாஸ்போர்ட் சிப்பைப் படிக்கும் என்எஃப்சி, புதிய இயங்குதளம், உரிமையாளரின் முகம் என்று பட்டியல் நீள்கிறது. லண்டனில் இணையதளம் கட்டிப் பிழைக்கும் எனக்கு, அரசு செய்த ஆகச் சிறந்த மென்பொருள் வேலை போனிடம் மிகக் குறைவாகக் கேட்ட காலத்தில்தான் நடந்தது என்று தோன்றுகிறது.

இணையத் தொழில்முனைவோர் மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் விளைவாகப் பிறந்தது அரசின் ‘கவ்.யுகே’ தளம். 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரு பழைய தளங்களின் இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. மறு ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் அதற்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, ஒரு பச்சைப் பொத்தான். இதற்கா விருது என்று கேட்டவர்கள் உண்டு. அந்த எழுத்துருகூடப் புதிதாகப் பிறந்ததில்லை. ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் அரை நூற்றாண்டுக்கு முன் பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக உருவாக்கியதன் மறுவடிவம். வேகமாகப் போகும் காரிலிருந்து நொடியில் வாசித்துவிட வேண்டும் என்பதற்காகப் பிறந்த எழுத்து.

அந்தத் தளத்தைக் கட்டிய டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் எடுத்த ஒரு கணக்கை இன்றும் இளைய புரோகிராமர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தளத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தோடு வந்து பிரவுசரில் ஓடும் நிரல், கிடைக்கவில்லை? விடை 1.1%. இவர்களில் அதை வேண்டாமென்று நிறுத்தி வைத்தவர்களும், பிரவுசரே தாங்காதவர்களும் 0.2% மட்டும். மீதி 0.9% பேரின் பிரவுசருக்கு அது தெரியும், இருந்தும் வந்து சேரவில்லை. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்திருக்கலாம், அலுவலக ஃபயர்வால் மறித்திருக்கலாம், சிக்னல் பாதியில் அறுந்திருக்கலாம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையே, விட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் அப்படிச் சொல்லலாம், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வரி கட்டுவதற்கு எந்தப் பக்கத்துக் கடைக்குப் போவது? அதனால்தான் அந்தத் தளத்தின் பக்கங்கள் முதலில், பக்கத்தின் அடிப்படைக் குறியீடான வெறும் எச்டிஎம்எல்லாக வேலை செய்யும். மற்ற சௌகரியமெல்லாம் அதற்கு மேல்தான்.

இன்னும் சின்ன விஷயம் ஒன்று. எச்டிஎம்எல்லில் எண்ணுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. எண் கேட்கும் இடத்தில் யோசிக்காமல் அதைப் போட்டுவிடுவோம். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அதில் அடித்துவைத்த எண் தானாக ஏறும், இறங்கும். கை தவறி ஓர் எழுத்தை அடித்தால் சில பிரவுசர்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பேச்சால் தட்டச்சு செய்யும் மென்பொருளோடும் அது ஒத்துப்போகவில்லை. 2020இல் இவர்கள் அதைக் கைவிட்டுச் சாதாரண எழுத்துக் கட்டத்துக்குத் திரும்பினார்கள். போனில் மட்டும் எண் விசைப்பலகை மேலெழும்படி குறியீட்டில் ஒரு சிறு சேர்க்கை, அவ்வளவுதான். பெயர் விஷயத்திலும் இதே புத்தி. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்தால் எல்லோருக்கும் பொருந்தாது என்று இவர்களுடைய வடிவமைப்புக் கையேடு எச்சரிக்கிறது. இனிஷியலோடு பிறந்து, இங்கே வந்த பிறகு அப்பாவின் பெயரால் அழைக்கப்படும் தமிழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தப் பிரிவில் பணியாற்றிய டெரன்ஸ் ஈடன் பதிவுசெய்த ஒரு காட்சி உண்டு. லண்டனில் வீட்டு உதவித்தொகை அலுவலகம் ஒன்றில் ஓர் இளம்பெண் கையடக்க விளையாட்டுக் கருவியான சோனி பிஎஸ்பியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். விளையாடவில்லை, ‘கவ்.யுகே’யின் உதவித்தொகைப் பக்கத்தை வாசிக்கிறார். 2005இல் ஐரோப்பாவுக்கு வந்த அந்தக் கருவியின் பிரவுசர் அற்பமானது. பக்கம் எளிமையாக இருந்ததால் திறந்தது. அந்தப் பெண்ணுக்காக யாரும் தனியாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

இப்போது 2019க்கு வாருங்கள். பிரெக்ஸிட்டை ஒட்டி ஐரோப்பியக் குடிமக்கள் பிரிட்டனில் தொடர்ந்து வசிக்க விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு இங்கே குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இதில் அடக்கம். பாஸ்போர்ட்டைப் போனிலேயே ஸ்கேன் செய்யும் செயலி வந்தது, ஆனால் ஆண்ட்ராய்டில் மட்டும். ஐபோனில் சிப்பைப் படிக்கும் வசதியை ஆப்பிள் திறந்துவிடவில்லை. இலையுதிர் காலத்தில் ஐஓஎஸ் 13 வந்த பிறகுதான், அக்டோபரில், ஐபோன் பதிப்பு வெளியானது. அதுவரை ஐபோன்காரர்கள் ஆண்ட்ராய்டை இரவல் வாங்கினார்கள், அல்லது பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினார்கள், அல்லது ஸ்கேன் மையத்தைத் தேடிப் போனார்கள். ஒரு நாட்டின் குடியேற்றத் திட்டம் கலிஃபோர்னியா நிறுவனம் ஒன்றின் மென்பொருள் அட்டவணைக்காகக் காத்திருந்தது. லூஸ்மோர் ஆறு ஆண்டுகளுக்கு முன் பயந்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

2024 முடிவோடு குடியேறியவர்களின் பிளாஸ்டிக் வசிப்பு அட்டைகளும் காலாவதியாகின. இனி இணையத்தில் மட்டும் இருக்கும் இ-விசா. வேலையில் சேர வேண்டுமா, உள்நுழைந்து ஒன்பது எழுத்துக் குறியீடு ஒன்றை எடுத்து முதலாளியிடம் கொடுக்க வேண்டும். வீடு வாடகைக்கு வேண்டுமா, அதற்கு வேறொரு குறியீடு. ஆயுள் 90 நாள். இணையதளமாக இது மோசமில்லை. எந்தப் பிரவுசரிலும் திறக்கும். ஆனால், உள்ளே நுழைய ஒரு மின்னஞ்சலோ போன் எண்ணோ வேண்டும், அது யாருடையது?

எங்கள் ஆட்கள் வீட்டில் போனும் கணக்கும் ஒருவருக்கு ஒன்று என்று இருப்பதில்லை. கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர், ஓர் அடையாளச் சரிபார்ப்புச் செயலியோடு மல்லுக்கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, முகத்தைக் காட்டட்டாம். காட்டினன். திருப்பியும் காட்டட்டாம்.” மகள் புதுப் போன் வாங்கியதும் கழித்துக் கொடுத்த போன் அது. புதிய பதிப்புக்கு மாறினால் செயலி ஒழுங்காக ஓடும். மாற இடமில்லை, வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படங்களால் போன் நிரம்பி வழிகிறது. ஒருவழியாக இடம் பண்ணினால், குறியீடு மகனின் மின்னஞ்சலுக்குப் போகிறது. மகன் டொரொன்டோவில், அங்கே விடியற்காலை நான்கு மணி. “அவன் நித்திரை, எழுப்பேலாது” என்றார் அன்ரி. வடிவமைப்பாளர் வரைந்த படத்தில் ஒரு மனிதர், ஒரு போன், ஒரு முகம். இங்கே ஒரு குடும்பமே இரண்டு கண்டங்களில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் போடுகிறது. பேரனின் எண்ணுக்கு ஆதார் ஓடிபி போகும் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இது புதிதில்லை. அங்கே இ-சேவை மையமாவது பக்கத்தில் இருக்கிறது.

இதனால் செயலியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாஸ்போர்ட் சிப்பை இன்றைய பிரவுசரால் படிக்க முடியாது. செயலி இல்லையென்றால் அதே அன்ரி முழங்கால் வலியோடு ஏதாவது ஒரு மையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரே அடையாளத்தில் எல்லாச் சேவைகளுக்குள்ளும் நுழையும் ‘ஒன் லாகின்’ திட்டத்தில் செயலியைத் தவிர, கேள்விகளுக்குப் பதில் சொல்வது, தபால் அலுவலகத்துக்கு நேரில் போவது என்ற வழிகளும் இருக்கின்றன. சரியான ஏற்பாடு. இவை பெயருக்கு இருக்கின்றனவா, வேலைக்கு இருக்கின்றனவா என்பதே என் கவலை. கூடவே, உதவி செய்பவருக்கும் கணக்கில் முறையான ஓர் இடம் வேண்டும். அம்மாவின் பாஸ்வேர்டு மகனிடம் இருப்பதைப் பாதுகாப்பு மீறலாகப் பார்ப்பதைவிட, மகனை உதவியாளராகப் பதிந்துகொள்வது எளிது, இருவருக்கும் காவலும்கூட.

டிஜிட்டல் சேவைப் பிரிவு ஒருகாலத்தில் சேவைகளின் செயல்திறனைப் பொதுவெளியில் வைத்தது. எத்தனை பேர் விண்ணப்பத்தைத் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஒரு விண்ணப்பத்துக்கு அரசுக்கு என்ன செலவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2021இல் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். செயலிக்கும் அதேபோல ஒரு பக்கம் திறக்கட்டும்: முகத்தைக் காட்டும் இடத்தில் கழன்றுகொண்டவர்கள் எத்தனை பேர், எந்தப் போன், எந்த ஆண்டு வாங்கியது, அவர்கள் பிறகு தபால் அலுவலகம் போனார்களா, அல்லது எங்கேயுமே போகவில்லையா. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத 0.9% பேரைத் தேடிப்பிடித்து எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ணுவது ஒரு வாரத்து வேலை.